டிஜிட்டல் அசெட் சிஸ்டத்துக்கு மாறும் முன் ஃபைல்களை எப்படித் தயார் செய்வது?

வணக்கமுங்க. கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். பதினைந்து வருஷத்து ஸ்டைல் போட்டோ, பிரிண்ட் ஆர்ட்ஒர்க், டெக் பேக் (ஆடையின் அளவு, தையல் விவரம் அடங்கிய குறிப்பு), லேபிள் டிசைன், ஃபேக்டரி வீடியோ எல்லாம் சேர்ந்து சுமார் 6 டெராபைட். பாதி சர்வரில், மீதி, ஆடை வாங்கும் நிறுவனங்களான பையர்களின் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர்களின் கம்ப்யூட்டரிலும் பீரோவில் கிடக்கும் ஹார்ட் டிஸ்க்கிலும். டிஜிட்டல் அசெட் மேனேஜ்மென்ட் சிஸ்டம் (படம், டிசைன், வீடியோ ஃபைல்களை விவரத்தோடு சேமித்துத் தேடி எடுக்கும் சாஃப்ட்வேர்) வாங்குவது என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. விற்பவர் இரண்டு வாரத்தில் எல்லாவற்றையும் ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். அதற்குள் நாங்கள் என்ன தயார் செய்ய வேண்டும்?

உங்கள் உண்மையான கவலை இதற்கு ஒரு படி அப்பால் இருக்கிறது. ஏற்றி முடித்த பிறகு, 2019ல் ஷிப்மென்ட் போன ஒரு டி-ஷர்ட்டின் ஆர்ட்ஒர்க்கைப் பையர் திரும்பக் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுக்க முடியுமா? இன்றைக்கு இருக்கிற நிலையில் அப்படியே ஏற்றினால் முடியாது. இரண்டு வாரத்தில் ஏற்றுவது நடக்கக்கூடிய காரியம்தான், விற்பவர் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் ஏற்றுவது ஃபைலை மட்டும். அந்த ஃபைல் எந்தப் பையருடையது, எந்த ஸ்டைல், இருக்கிற மூன்று பதிப்பில் கடைசியாக அப்ரூவல் ஆனது எது, அதை இன்னொரு ஆர்டருக்கு எடுக்கலாமா கூடாதா என்பதெல்லாம் ஃபோல்டரில் எழுதியிருக்காது. சாம்பிள் செக்‌ஷன் இன்சார்ஜ், கேட் (கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடும் சாஃப்ட்வேர்) ஆபரேட்டர், மூத்த மெர்ச்சண்டைசர் என்று நாலு பேர் தலைக்குள் இருக்கும். அந்த நினைவை எழுத்துக்குக் கொண்டுவருவதுதான் தயாரிப்பு. அவர்களில் ஒருவர் அவினாசி ரோட்டில் இன்னொரு கம்பெனிக்குப் போய்விட்டால் அந்தப் பங்கு திரும்பி வராது. எனவே அவர்கள் இருக்கும்போதே தொடங்குங்கள்.

முதலில் எதை இதில் வைக்கப் போகிறீர்கள் என்று முடிவாக வேண்டும். இது ஃபைல் சர்வருக்கு மாற்று அல்ல, பேக்கப்பும் அல்ல, ஆர்டரும் கணக்கும் பார்க்கும் இஆர்பி சாஃப்ட்வேரும் அல்ல. திரும்பத் திரும்பப் பலருக்குத் தேவைப்படும், முடிவான அல்லது முடிவை நோக்கிப் போகும் காட்சி ஃபைல்களுக்கான இடம் இது: ஸ்டைல் போட்டோ, ஆர்ட்ஒர்க், ஸ்ட்ரைக் ஆஃப் (துணியில் அடித்துப் பார்க்கும் மாதிரி பிரிண்ட்) படம், ஹேங்டேக் மற்றும் வாஷ்கேர் லேபிள் டிசைன், பேக்கிங் படங்கள், லோகோ, வீடியோ. பில், பர்ச்சேஸ் ஆர்டர், பேக்கிங் லிஸ்ட் இஆர்பியிலேயே இருக்கட்டும். பேட்டர்ன், மார்க்கர் (துணியில் பேட்டர்ன்களை அடுக்கும் வரைபடம்) ஃபைல்கள் கேட் சாஃப்ட்வேரின் இடத்திலேயே இருக்கட்டும். முடிவான பேட்டர்னின் பிடிஎஃப் மட்டும் இங்கே வந்தால் போதும். இந்த எல்லைக்கோட்டை ஒரு பக்கத்தில் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். இது இல்லாத இடத்தில் மூன்றே மாதத்தில் கணக்குப் பிரிவின் ஸ்கேன்களும் உள்ளே வந்து குவியும், தேடலில் குப்பை கலக்கும்.

அடுத்தது செலவில்லாத, ஆனால் பெரும்பாலும் விட்டுவிடுகிற வேலை. இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டு போடுங்கள். யார், யாரிடம், எந்த ஃபைலைக் கேட்டார்கள், என்ன வார்த்தை சொல்லிக் கேட்டார்கள், கிடைக்க எவ்வளவு நேரம் ஆனது என்ற நாலு விவரம் போதும். "போன வருஷம் அந்த டைனோசர் பிரிண்ட்", "நேவி பாடி, வெள்ளை ரிப் வெச்சது" என்றுதான் மக்கள் கேட்பார்கள். அந்த வார்த்தைகள்தான் உங்கள் தேடல் புலங்களை, அதாவது விவரம் நிரப்பும் கட்டங்களை, தீர்மானிக்க வேண்டும். சாஃப்ட்வேரோடு வரும் மாதிரிப் படிவம் விளம்பர நிறுவனங்களை மனதில் வைத்துச் செய்ததாக இருக்கும். "கேம்பெயின்" என்ற புலம் இருக்கும், "ஸ்ட்ரைக் ஆஃப்" இருக்காது. பின்னால் சிஸ்டம் பயன்படுகிறதா என்று அளக்கவும் இந்த நோட்டே ஆதாரம்.

பிறகு கணக்கெடுப்பு. சர்வர் ஒன்று என்று எண்ணித் தொடங்குவீர்கள். முடிக்கும்போது பதினைந்து இடம் இருக்கும். மெர்ச்சண்டைசர் டெஸ்க்டாப், போன எம்ப்ளாயியின் மெயில் பெட்டி, சொந்த ஜிமெயில், போனில் வாட்ஸப் குரூப், போட்டோகிராபரின் டிரைவ், பிரிண்டிங் யூனிட்டின் கம்ப்யூட்டர், எம்பிராய்டரி ஜாப் ஒர்க்காரரின் பென் டிரைவ் எல்லாம் சேர்த்துத்தான். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வரி: எங்கே இருக்கிறது, யார் பொறுப்பு, எத்தனை ஃபைல், எவ்வளவு ஜிபி, பழையது எந்த நாள், புதியது எந்த நாள், என்ன வகை. எக்செல் போதும். விண்டோஸோடு வரும் ரோபோகாப்பியைக் காப்பி செய்யாமல் பட்டியல் மட்டும் எடுக்கும் விதத்தில் ஓட்டினால் முழு ஃபோல்டர் வழியோடு பட்டியல் கிடைக்கும். ஃபோல்டர் வழி 260 எழுத்தைத் தாண்டிய ஃபைல்களைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். "ஃபைனல், நியூ, பையர் கரெக்‌ஷன், ஃபைனல் 2" என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போகும் இடங்களில் இது சாதாரணமாக வரும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரும் சில பழைய அப்லோடு கருவிகளும் அங்கே தடுக்கும். பெரிய காப்பி ஓடும்போது அந்தச் செய்தியை யாராவது "ஸ்கிப்" கொடுத்துவிட்டால் விட்டுப்போனது யாருக்கும் தெரியாது.

நாள் விஷயத்தில் கவனம் வேண்டும். ஃபைலை இழுத்துப் போட்டுக் காப்பி செய்தால் "உருவாக்கிய நாள்" என்பது காப்பி செய்த நாளாக மாறிவிடும். எனவே அந்த நாளை நம்பி எதையும் வரிசைப்படுத்தாதீர்கள். கேமரா படத்துக்குள் எழுதிவைக்கும் எக்ஸிஃப் நாள் அதைவிட நம்பகமானது, கேமராவின் கடிகாரம் சரியாக இருந்திருந்தால். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் அந்த விவரம் அழிந்து, படமும் சுருங்கி வந்திருக்கும். அதை மூலப்படம் என்று ஏற்றக் கூடாது. இனிமேல் அனுப்ப வேண்டியிருந்தால் "டாக்குமென்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள், படம் மாறாமல் போகும்.

கணக்கு கையில் வந்ததும் கழித்துக்கட்டும் வேலை. தம்ஸ் டிபி (விண்டோஸ் தானாக வைக்கும் சின்னப் படத் தொகுப்பு), டெம்ப் ஃபைல், கோரல்டிரா தானாக உண்டாக்கும் "பேக்கப் ஆஃப்" என்று தொடங்கும் ஃபைல்கள் ஆகியவற்றை முதலில் ஒதுக்கலாம், மூல ஃபைல் திறக்கிறதா என்று பார்த்த பிறகு. அடுத்து இரட்டைகள். ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்எச்ஏ-256 போன்ற கைரேகை எண் கணக்கிட்டால், பெயர் வேறாக இருந்தாலும் உள்ளடக்கம் அச்சு அசலாக ஒன்றானவை சிக்கும். இது உறுதியான முறை, இதில் வந்த இரட்டையில் ஒன்றை நீக்கலாம். ஆனால் "பார்க்க ஒரே மாதிரி இருக்கும் படங்கள்" என்று சாஃப்ட்வேர் காட்டும் பட்டியல் வேறு. ஒரே பிரிண்ட், கலர் மட்டும் அரை ஷேடு மாறிய இரண்டு ஆர்ட்ஒர்க்குகள் அதற்கு ஒன்றாகத் தெரியும். உங்களுக்கு அவை இரண்டு ஆர்டர். அந்தப் பட்டியலை மனிதக் கண் பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள்.

இரட்டை நீக்கும்போது அதிகம் அடிபடுவது லிங்க் வைத்த ஆர்ட்ஒர்க். இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் ஃபைல்களில் படம் உள்ளே இல்லாமல் வெளியே ஒரு ஃபோல்டரைச் சுட்டிக்கொண்டிருக்கலாம். அந்த ஃபோல்டரை நகர்த்தினாலோ, இரட்டை என்று படத்தை நீக்கினாலோ ஆர்ட்ஒர்க் ஓட்டையாகத் திறக்கும். ஆகவே நகர்த்துவதற்கு முன்பே, இரண்டிலும் இருக்கும் "பேக்கேஜ்" வசதியை ஓட்டி, படத்தையும் ஃபாண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துவிடுங்கள். கோரல்டிராவில் எழுத்தைக் கர்வாக (ஃபாண்ட் தேவையில்லாத கோட்டு வடிவமாக) மாற்றிய ஒரு பிரதியும், எழுத்தாகவே விட்ட ஒரு பிரதியும், பார்ப்பதற்கு ஒரு பிடிஎஃப்பும் வைப்பது பாதுகாப்பு. எம்பிராய்டரிக்கு இன்னும் ஒன்று: மெஷினுக்குப் போகும் டிஎஸ்டி ஃபைலுக்குள் நூலின் கலர் விவரம் இருக்காது, கலர் மாற நிற்கும் இடம் மட்டும் இருக்கும். நூல் கலர் பட்டியலான த்ரெட் சார்ட் இல்லாத டிஎஸ்டி பாதி ஃபைல்தான். இரண்டையும் தைத்துக் காட்டிய படத்தோடு சேர்த்து ஒரே தொகுப்பாக ஏற்றுங்கள். ஜிப் ஃபைல்களைப் பிரித்துவிட்டு ஏற்றுங்கள். பெரும்பாலான சிஸ்டங்களில் ஜிப்புக்குள் இருப்பது தேடலில் வராது.

மீந்ததை மூன்றாகப் பிரியுங்கள்: ஏற்றுவது, பழையதென்று தனி டிஸ்க்கில் பூட்டி வைப்பது, அழிப்பது. ஓடுகிற பையர்களின் கடைசி மூன்று வருஷம், அதற்கு முந்தையதில் ரிப்பீட் ஆர்டர் வந்த ஸ்டைல்கள் என்று தொடங்கினால் போதும். மற்றதைக் கேட்கும்போது கொண்டுவரலாம். 6 டெராபைட்டையும் ஏற்றியே ஆக வேண்டும் என்ற எண்ணம்தான் இந்த வேலையைக் கெடுக்கும். அழிக்கும் பட்டியலில் அந்தப் பையரைப் பார்க்கும் மெர்ச்சண்டைசர் கையெழுத்து போடட்டும், போட்ட பிறகும் ஆறு மாதம் தனி இடத்தில் வைத்திருந்து அப்புறம் அழியுங்கள். பையர் ஒப்பந்தத்தில் ஆர்ட்ஒர்க்கை இத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும் என்றோ, ஆர்டர் முடிந்ததும் அழிக்க வேண்டும் என்றோ ஷரத்து இருக்கக்கூடும். அது உங்கள் ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் தெரியும், வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது.

இனி மெட்டாடேட்டா, அதாவது ஒவ்வொரு ஃபைலோடும் சேர்ந்து போகும் குறிப்பு விவரம். நேரத்தில் பெரும் பங்கை இங்கேதான் போட வேண்டும். பன்னிரண்டு புலத்துக்கு மேல் வேண்டாம், கட்டாயம் ஆறு போதும்: ஃபைலின் வகை, பையர், ஸ்டைல் நம்பர், சீசன், நிலை, உரிமை யாருடையது. நிலை என்பதற்கு நாலே சொல் வையுங்கள்: வேலையில், பையரிடம், அப்ரூவ்டு, ரத்து. "ஃபைனல்" என்ற சொல்லை நிறுவனத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். பையரிடமிருந்து கமென்ட் வந்தால் அது ஃபைனல் அல்ல என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

ஸ்டைல் நம்பரில்தான் சிக்கல் கூடுதல். பையரின் ஸ்டைல் நம்பர் ஒன்று, உங்கள் இஆர்பியில் போட்ட ஆர்டர் நம்பர் ஒன்று, சாம்பிள் செக்‌ஷன் தன் வசதிக்குப் போட்ட நம்பர் ஒன்று. மூன்றையும் ஒரே புலத்தில் கலந்தால் தேடல் செத்துவிடும். இஆர்பியின் நம்பரை இணைப்பு நம்பராக வைத்து, மற்ற இரண்டுக்கும் தனிப் புலம் கொடுங்கள். இதை எக்செல்லில் தயாரிக்கும்போது அந்தக் கட்டங்களை முதலிலேயே டெக்ஸ்ட் என்று மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் 0471 என்ற ஸ்டைல் 471 ஆகிவிடும், 3-12 என்பது மார்ச் அல்லது டிசம்பர் மாதத் தேதியாகிவிடும், நடுவில் ஆங்கில ஈ எழுத்து வரும் நம்பர் பெரிய எண்ணாக விரிந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராமலே இது நடக்கும். ஏற்றி இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

கலருக்குச் சொல் நம்பக் கூடாது. நேவி, டார்க் நேவி, மிட்நைட் என்று ஒரே ஷேடுக்கு மூன்று பையர் மூன்று பெயர் சொல்வார்கள். பான்டோன் டிசிஎக்ஸ் (பருத்தித் துணிக் கலர் அட்டை) எண், உதாரணமாக 19-4052 என்ற வடிவில், ஒரு புலம். பையர் சொன்ன பெயர் இன்னொரு புலம். கூடவே ஒன்றைச் சொல்ல வேண்டும்: லேப் டிப்பின் (சாயம் போட்டுப் பார்க்கும் துணி மாதிரியின்) போட்டோ இந்தச் சிஸ்டத்தில் இருப்பது நினைவுக்கு மட்டுமே. ஷேடு ஒப்புதல் லைட் பாக்ஸில் டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை விளக்கு) வெளிச்சத்தில் துணியைப் பார்த்துத்தான். ஸ்கிரீனில் பார்த்து "மேட்ச் ஆகிறது" என்று சொல்லும் பழக்கத்தை இந்தச் சிஸ்டம் வளர்த்துவிடக் கூடாது.

சொற்களைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். பட்டியல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. ஐம்பது ஃபைலை எடுத்து இரண்டு பேரிடம் தனித்தனியே கொடுங்கள், ஒருவர் மற்றவரைப் பார்க்காமல் நிரப்பட்டும். எந்தப் புலத்தில் இருவர் பதிலும் அடிக்கடி வேறுபடுகிறதோ அந்தப் புலத்தின் விளக்கம்தான் தவறு, ஆட்கள் அல்ல. திருத்தி மறுபடி ஐம்பது. இரண்டு மூன்று சுற்றில் படிந்துவிடும். இதைச் செய்யாமல் பத்தாயிரம் ஃபைலுக்கு நிரப்பிவிட்டுத் திருத்துவது வேதனையான வேலை. நேரக் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள்: ஒரு ஃபைலுக்கு 40 விநாடி என்று வைத்தாலே 10,000 ஃபைலுக்கு 111 மணி நேரம், அதாவது ஒருவருக்கு எட்டு மணி வீதம் 14 நாள். ஒரே ஸ்டைலின் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நிரப்பினால் இது வெகுவாகக் குறையும். நிரப்பிய விவரத்தை ஃபைலுக்குள்ளேயே எக்ஸ்எம்பி, ஐபிடிசி என்ற பொது முறைகளில் எழுதிவைப்பது நல்லது. இலவசமாகக் கிடைக்கும் எக்ஸிஃப்டூல் ஒரு சிஎஸ்வி பட்டியலிலிருந்து ஆயிரக்கணக்கான படங்களுக்கு இதைச் செய்யும். நாளைக்கு வேறு சாஃப்ட்வேருக்கு மாறினாலும் விவரம் ஃபைலோடு வரும்.

ஃபைல் பெயரில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டியதில்லை. ஆர்டர் நம்பர், ஃபைல் வகை, பதிப்பு எண் போதும். பதிப்பு எண் 3 என்று போடாமல் 03 என்று போடுங்கள், அப்போதுதான் 10க்குப் பின்னால் போய் நிற்காது. நாள் வேண்டுமென்றால் வருஷம் முன்னால்: 2025-03-07. சாய்கோடு, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, முக்காற்புள்ளி பெயரில் வரக் கூடாது.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் உங்களிடம் இருக்கும். ஃபேக்டரி பயிற்சி வீடியோ, லோக்கல் பிராண்டு பனியன் விளம்பரம், ஜாப் ஒர்க் குறிப்பு போன்றவை. இவற்றில் இரண்டு குழி உண்டு. பாமினி போன்ற பழைய ஃபாண்டில் அடித்த எழுத்து, அந்த ஃபாண்ட் இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், தேடலிலும் வராது. யூனிகோடுக்கு மாற்றித்தான் ஏற்ற வேண்டும். இரண்டாவது யூனிகோடுக்குள்ளேயே இருக்கிறது. "கொ" என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு ஒன்றும் கால் ஒன்றுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டர் சரிப்படுத்தாவிட்டால் இரண்டும் வேறு சொல். மேக் கணினியிலிருந்து வந்த பெயர்களில் பிரிந்த வடிவம் அதிகம் பார்க்கலாம். ஏற்றும் முன் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். டெமோவில் "கொடி", "தோள்" என்று தேடிக் காட்டச் சொல்லுங்கள். இதைச் சொன்னால்தான் விற்பவர்களுக்கே நினைவு வரும்.

உரிமை என்ற புலத்தைக் கட்டாயமாக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1957ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ம் பிரிவுப்படி, வேலையில் இருப்பவர் வேலையின் பகுதியாகச் செய்தது பொதுவாக நிறுவனத்துக்குச் சொந்தம். நீங்கள் சொல்லிப் பணம் கொடுத்து எடுத்த போட்டோவும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உங்களுக்குத்தான். ஆனால் வெளியே இருக்கும் ஃப்ரீலான்ஸ் டிசைனர் வரைந்து கொடுத்த கிராஃபிக்கை அப்படி எண்ணிக்கொள்ள முடியாது, எழுத்தில் உரிமை மாற்றம் வாங்க வேண்டும். அந்த எழுத்திலும் 19ம் பிரிவு முக்கியம். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். ஜெர்மனிக்கு ஏற்றுமதி ஆகும் பிரிண்ட்டுக்கு "இந்தியாவுக்குள்" என்ற உரிமை எதற்கு உதவும்? பழைய டிசைனர் பில்களை எடுத்து இதைப் பாருங்கள். மாடல் படங்களுக்குச் சம்மதக் கடிதம், அதன் கால அளவு ஆகியவை படத்தோடு இணைந்திருக்க வேண்டும். குழந்தைகள் ஆடை செய்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: 2023ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரைக் குழந்தை என்கிறது, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கேட்கிறது. உங்கள் படங்களுக்கு இது எந்த அளவு பொருந்தும் என்பதை வக்கீலிடம் காட்டித் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இங்கே சொல்வது சட்ட ஆலோசனைக்கு ஈடாகாது.

சான்றிதழ் லோகோவும் இதே வகைதான். ஆர்கானிக் துணிக்கான காட்ஸ் (ஜிஓடிஎஸ்) ஸ்கோப் சான்றிதழும், தீங்கான ரசாயனம் இல்லையென்று சோதித்துத் தரும் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 சான்றிதழும் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். போன வருஷத்து ஹேங்டேக் ஆர்ட்ஒர்க்கைத் தேடி எடுத்து அப்படியே பிரிண்டிங்குக்கு அனுப்பிவிட்டால், பழைய லைசென்ஸ் விவரத்தோடு ஆயிரக்கணக்கில் டேக் அச்சாகி வந்துவிடும். தேடல் எளிதாக எளிதாக இந்த ஆபத்து கூடும் என்பதைக் கவனியுங்கள். எனவே லோகோ உள்ள ஒவ்வொரு ஆர்ட்ஒர்க்குக்கும் "செல்லுபடியாகும் கடைசி நாள்" என்ற புலம் வைத்து, அந்த நாள் தாண்டினால் டவுன்லோடு பூட்டிக்கொள்ளும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

யார் எதைப் பார்க்கலாம் என்பது ஏற்றுமதி நிறுவனத்துக்கு மானப் பிரச்சினை. ஒரு பையரின் இன்னும் கடைக்கு வராத டிசைன் இன்னொரு பையரின் டீமுக்குத் தெரியக் கூடாது. ஆளாளுக்கு அனுமதி கொடுக்காதீர்கள், பொறுப்புக்குக் கொடுங்கள்: இன்ன பையரின் மெர்ச்சண்டைசர், சாம்பிள் செக்‌ஷன், குவாலிட்டி, பேக்கிங் என்று. ஆள் மாறினால் பொறுப்பில் பெயர் மட்டும் மாறும். பிரிண்டிங் யூனிட்டுக்கும் எம்பிராய்டரிக்காரருக்கும் உள்ளே நுழைய ஐடி வேண்டாம். அப்ரூவ்டு ஆன ஃபைலுக்கு மட்டும், குறிப்பிட்ட நாளில் காலாவதியாகும் லிங்க் போதும். லேப் டிப் படத்தில் பையர் பெயர் எழுதிய அட்டை தெரிகிறதா என்றும் பாருங்கள், அதுவே பல இடங்களில் விவரத்தைக் கசியவிடும்.

இன்டர்நெட் கணக்கையும் போட்டுவிடலாம். 6 டெராபைட்டை 100 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில், ஒரு நொடி நிற்காமல் அனுப்பினாலும் ஏறக்குறைய ஐந்தரை நாள். நடைமுறையில் 60 சதவீத வேகம் கிடைத்தால் 222 மணி நேரம். பகலில் ஆபீஸ் வேலைக்கு லைன் வேண்டும் என்று இரவு பத்து மணி நேரம் மட்டும் ஓட்டினால் 22 இரவு. உங்கள் லைனில் டவுன்லோடும் அப்லோடும் ஒரே வேகமா என்று முதலில் பாருங்கள். பல பிளான்களில் இல்லை. விற்பவர் ஹார்ட் டிஸ்க்கை நேரில் வாங்கி ஏற்றுவாரா என்று கேளுங்கள். எந்த வழியில் போனாலும், போய்ச் சேர்ந்த பிறகு முன்பு எடுத்த கைரேகை எண்ணோடு ஒப்பிட்டுப் பட்டியல் தரச் சொல்லுங்கள். ஃபைல் எண்ணிக்கை சரியாக இருப்பது மட்டும் போதாது, உள்ளே பழுதான ஃபைலும் எண்ணிக்கையில் ஒன்றுதான்.

விற்பவரிடம் பேசும்போது அவருடைய அழகான மாதிரிப் படங்களை ஒதுக்கிவிட்டு, உங்களிடம் இருப்பதிலேயே மோசமான நூறு ஃபைலைக் கொடுத்து டெமோ கேளுங்கள். கோரல்டிரா, டிஎஸ்டி, பெரிய பிஎஸ்டி, தமிழ்ப் பெயர், லிங்க் வைத்த ஆர்ட்ஒர்க் எல்லாம் அதில் இருக்கட்டும். எதற்குப் படம் தெரிகிறது, எதற்கு வெறும் ஐகான் தெரிகிறது என்பது அங்கேயே விளங்கும். பிறகு ஒரு கேள்வி: நாங்கள் விலகினால் எல்லா ஃபைலும் எல்லா விவரமும் எந்த வடிவில், எத்தனை நாளில், என்ன கட்டணத்தில் திரும்பக் கிடைக்கும்? பதில் ஒப்பந்தத்தில் எழுத்தாக வர வேண்டும். ஏஐ தானாக டேக் போடும் என்பார்கள். சிவப்பு, டி-ஷர்ட், குழந்தை, கோடு போட்டது என்பதை அது ஓரளவு நன்றாகவே சொல்லும். ஸ்டைல் நம்பரையும், அப்ரூவல் ஆனதா என்பதையும் படத்தைப் பார்த்து அதனால் சொல்ல முடியாது. அந்தப் புலங்களில் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. கிளவுடா, சொந்த சர்வரா என்பதில் ஒரே பதில் கிடையாது. பையர் ஒப்பந்தம் அனுமதிக்கிறதா, உங்களிடம் சர்வரைப் பார்த்துக்கொள்ள முழுநேர ஆள் இருக்கிறாரா என்ற இரண்டையும் வைத்து முடிவு செய்யுங்கள். இரண்டிலும் பேக்கப் தனியாக வேண்டும்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில்.

ஒரே நாளில் எல்லோரையும் மாற்ற வேண்டாம். ஒரு பையர், ஒரு சீசன், நாலு வாரம் என்று தொடங்குங்கள். அந்த மெர்ச்சண்டைசர் பொறுமையான ஆளாகவும், குறை இருந்தால் வாய்விட்டுச் சொல்பவராகவும் இருந்தால் நல்லது. சிஸ்டத்துக்குப் பொறுப்பாளர் ஐடி ஆளாக இருக்க வேண்டியதில்லை. ஸ்டைல்களைத் தெரிந்த, சொல் சுத்தம் பார்க்கிற ஒருவர் போதும், ஆனால் தினமும் இரண்டு மணி நேரமாவது இதற்கென்று ஒதுக்கித் தர வேண்டும். நாலு வாரம் முடிந்ததும் முன்பு போட்ட நோட்டிலிருந்து இருபது கோரிக்கையை எடுத்துத் தேடிப் பாருங்கள். பதினைந்துக்கு மேல் உடனே கிடைத்தால் அடுத்த பையர், இல்லையென்றால் புலங்களைத் திருத்துங்கள். ஷிப்மென்ட் நெருக்கும் மாதத்திலும், ஆட்கள் போனஸ் வாங்கி ஊருக்குப் போகும் தீபாவளியை ஒட்டியும் மாற்றம் வைக்காதீர்கள். மாறும் நாளில் பழைய ஃபோல்டரைப் பார்க்க மட்டும் முடியும்படி பூட்டிவிடுங்கள், அழிக்க வேண்டாம். எழுத முடிகிற வரைக்கும் பழைய இடத்திலேயே சேமிப்பார்கள். அன்றிலிருந்து முதலாளியும் ஃபைலை வாட்ஸப்பில் கேட்காமல் லிங்க்காகக் கேட்க வேண்டும். அவர் ஒருவர் பழைய வழியில் கேட்டால் மொத்த ஆபீஸும் பழைய வழிக்கே திரும்பும், இதை அவரிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்.

விற்பவரிடம் இப்போதைக்கு "இரண்டு வாரம்" என்பதை முன்னோட்டத்துக்கு, அதாவது அந்த முதல் ஒரு பையரின் ஃபைல்களை ஏற்றுவதற்கு, மட்டும் என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். பணத்தையும் அதற்கேற்பத் தவணையாகப் பிரியுங்கள். வரிசையில் எதை முன்னால் செய்வது என்று குழம்பினால், பீரோவில் இருக்கும் பழைய டிவிடியும் ஹார்ட் டிஸ்க்கும்தான் முதலில். வருஷக்கணக்காகச் சும்மா கிடந்தவை நாளாக நாளாகத் திறக்காமல் போகும். டிவிடிகளை இந்த வாரமே ஒவ்வொன்றாகக் காப்பி எடுங்கள். ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே எடுத்துவிடுங்கள், மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். டேட்டா மீட்பவரிடம் கொடுத்தால் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. காப்பி எடுக்கும்போது சாம்பிள் செக்‌ஷன் இன்சார்ஜைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு ஃபோல்டரும் எந்தப் பையர், எந்த வருஷம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.